கடலடித் தரை: நாம் காக்க மறந்த நிலம்

கடலைப் பற்றி நாம் அதிகம் பேசுவது மூன்று சமயங்களில்தான்: புயல் வரும்போது, மீனவர்கள் கைதாகும்போது, மீன் விலை ஏறும்போது. மூன்றுமே மேற்பரப்பில் நடப்பவை. அதற்குச் சில மீட்டர் கீழே தரை என்ன நிலையில் இருக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. மீன் முட்டையிடுவதும், இறால் குஞ்சு ஒளிந்து வளர்வதும், கணவாய் தன் முட்டைக்கொத்தைக் கட்டுவதும் அந்தத் தரையை நம்பித்தான். மலையில் ஒரு காட்டை வெட்டினால் சாலையில் போகிறவருக்கும் தெரிந்துவிடும். கடலடியில் ஒரு புல்வெளியையே வழித்தெடுத்தாலும் மேலே நீர் பழைய நீலத்தில்தான் இருக்கும். கண்ணுக்குத் தெரியாததால் அந்த அழிவு கணக்கிலும் வருவதில்லை.

கடலைக் காப்பது என்றால் முதலில் அதன் தரையைக் காப்பது என்பதே இக்கட்டுரையின் வாதம். அந்தத் தரையை நம்பிப் பிழைக்கும் மக்களை விலக்கிவிட்டு எந்தச் சட்டத்தாலும் அதைக் காக்க முடியாது என்பது வாதத்தின் மறுபாதி. இரண்டுக்கும் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. பாம்பன் பாலத்துக்குத் தெற்கே மன்னார் வளைகுடா இருக்கிறது. வடக்கே பாக் விரிகுடா இருக்கிறது.

கடல் நமக்குச் செய்வது

பூமியின் பரப்பில் ஏறத்தாழ 71 விழுக்காடு கடல். பூமியில் உள்ள நீரில் 97 விழுக்காடு அங்கேதான் இருக்கிறது. ஆண்டுதோறும் ஒளிச்சேர்க்கையால் உருவாகும் ஆக்சிஜனில் ஏறக்குறைய பாதியைக் கடலின் நுண்தாவரங்கள் உண்டாக்குகின்றன. நிலக்கரியும் பெட்ரோலியமும் எரித்து நாம் வெளியேற்றும் கரியமில வாயுவில் சுமார் கால் பங்கைக் கடல் கரைத்துக்கொள்கிறது. புவி வெப்பமடைவதால் சேர்ந்த கூடுதல் வெப்பத்தில் 90 விழுக்காட்டுக்கும் மேல் கடலுக்குள் போயிருக்கிறது. அது போகாமல் காற்றிலேயே தங்கியிருந்தால், இன்றைய கோடையை நாம் தாங்கியிருக்க முடியாது.

தமிழ்நாட்டுக்குக் கடல் முதலில் மழை. ஐப்பசி, கார்த்திகையில் நம் ஏரிகளை நிரப்பும் வடகிழக்குப் பருவமழை வங்கக் கடலிலிருந்து ஈரத்தை அள்ளி வருகிறது. அதே கடல் சூடேறும்போது காற்று சுமக்கும் ஈரமும் கூடுகிறது. வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் காற்றால் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்க முடியும் என்பது இயற்பியல். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஓராண்டுக்குரிய மழை ஒரே நாளில் பெய்ததால் தாமிரபரணிக் கரை முழுவதும் வெள்ளக்காடானது. ஒரு தனிப் பேய்மழைக்குக் கடல் சூட்டை மட்டுமே காரணம் காட்டுவது சரியாகாது. ஆனால் சூடான கடலுக்கு அருகில் வாழ்கிறவர்கள் இத்தகைய மழையை இனி அடிக்கடி எதிர்பார்க்க வேண்டும் என்பதில் ஐயமில்லை.

அடுத்தது உணவும் தொழிலும். தமிழ்நாட்டின் 1,076 கிலோமீட்டர் கரையில் அறுநூறுக்கும் மேற்பட்ட மீனவக் கிராமங்கள் உள்ளன. கடலில் இறங்குபவர்களோடு முடிந்துவிடாத வாழ்வு அது. வலை பின்னுபவர், ஐஸ் உடைப்பவர், கருவாடு காயவைப்பவர், கூடையில் மீனைச் சுமந்து தெருத்தெருவாக விற்கும் பெண்கள் என்று அது கரையிலிருந்து ஊருக்குள் நீள்கிறது. உள்நாட்டில் ஓர் ஏழை வீட்டுக்குக் கிடைக்கும் மலிவான புரதம் இன்றும் சாளையும் சூடையும் நெத்திலியும்தான்.

பாரும் தாழையும்

இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே கரையை ஒட்டி 21 தீவுகள் சங்கிலிபோல் கிடக்கின்றன. குருசடை, முயல்தீவு, மனோலி, அப்பா, நல்லதண்ணி, காரைச்சல்லி, வான்தீவு என்று நீளும் பட்டியல் இது. எல்லாமே மனிதர் குடியில்லாத சிறு மணல்திட்டுகள். அவற்றைச் சுற்றியிருக்கும் நீரடிப் பாறைகளை மீனவர்கள் ‘பார்’ என்பார்கள். முத்துச் சிப்பி விளைந்த இடம் முத்துப்பார். மன்னார் வளைகுடாவின் தமிழக நீர்ப்பரப்பில் நூற்றுக்கும் மேற்பட்ட பவள இனங்களும், 4,000-க்கும் மேற்பட்ட தாவர, விலங்கு இனங்களும் பதிவாகியிருக்கின்றன. 1986-இல் 560 சதுர கிலோமீட்டர் பரப்பு கடல்சார் தேசியப் பூங்கா ஆனது. 1989-இல் அதைச் சூழ்ந்த 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 2001-இல் அது யுனெஸ்கோவின் உலக உயிர்க்கோளக் காப்பகப் பட்டியலில் இடம்பெற்றது.

பவளப்பாறையைப் பாறை என்று அழைத்தாலும் அது ஓர் உயிர்க்குடியிருப்பு. விரல்நுனியை விடச் சிறிய விலங்குகள் ஆயிரக்கணக்கில் ஒட்டி வாழ்ந்து, கடல்நீரிலிருந்து சுண்ணாம்பைப் பிரித்துத் தங்களுக்குக் கூடு கட்டிக்கொள்கின்றன. அந்தக் கூடுகள் தலைமுறை தலைமுறையாக ஒன்றன்மேல் ஒன்று படிந்து பாராகின்றன. உலகக் கடலடியில் பவளப்பாறைகள் பிடித்திருக்கும் இடம் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. கடல் உயிரினங்களில் கால் பங்கு ஏதோ ஒரு பருவத்தில் அவற்றை நம்பி வாழ்கின்றன. திறந்த கடலிலிருந்து வரும் அலையும் இந்தப் பாரில் மோதித் தணிந்த பிறகே கரையைத் தொடுகிறது.

பாம்பனுக்கு வடக்கே பாக் விரிகுடாவில் காட்சி மாறுகிறது. அங்கே கடல் ஆழம் குறைந்தது, அமைதியானது, சேறும் மணலும் கலந்த தரை கொண்டது. அந்தத் தரையில் கடற்புல் வளர்கிறது. மீனவர்கள் அதைத் தாழை என்கிறார்கள். கடற்புல் பாசி இனத்தைச் சேர்ந்ததன்று. வேர், தண்டு, இலை, பூ, விதை எல்லாம் உடைய தாவரம் அது. தரைக்கடியில் கிடைமட்டமாக ஓடும் அதன் தண்டு சேற்றைக் கட்டிப் பிடிக்கிறது; இலைகள் நீரோட்டத்தின் வேகத்தைக் குறைத்து மிதக்கும் வண்டலைக் கீழே படியவைக்கின்றன. அதனால் நீர் தெளிகிறது, வெளிச்சம் தரைவரை இறங்குகிறது, புல் மேலும் பரவுகிறது. ஓரா மீன் அந்தப் புல்லுக்குள் மேய்கிறது. நீலக்கால் நண்டின் குஞ்சும் இறால் குஞ்சும் அதனுள் ஒளிந்து பிழைக்கின்றன. உலகக் கடற்பரப்பில் மிகச் சிறிய இடத்தில் மட்டுமே வளரும் இப்புல், கடலடியில் ஆண்டுதோறும் புதைந்து தங்கும் கரியில் பத்தில் ஒரு பங்கைத் தன் சேற்றில் சேர்த்துவைக்கிறது.

ஆவுளியா என்று மீனவர்கள் அழைக்கும் கடற்பசு இந்தப் புல்லை மட்டுமே நம்பி உயிர் வாழும் பாலூட்டி. நாளொன்றுக்கு 30 கிலோவுக்கும் மேல் மேயும். எழுபது ஆண்டுவரை வாழக்கூடியது என்றாலும், ஒரு குட்டிக்கும் அடுத்த குட்டிக்கும் இடையே மூன்றிலிருந்து ஏழு ஆண்டு ஆகும். இவ்வளவு மெதுவாகப் பெருகும் விலங்கு ஆண்டுக்கு ஒன்றிரண்டு கூடுதலாக வலையில் மாட்டி இறந்தாலே கூட்டம் தேய்ந்துவிடும். இந்தியக் கடல்களில் இப்போது எஞ்சியிருப்பவை சில நூறு மட்டுமே. அவற்றில் பெரும்பகுதி பாக் விரிகுடாவிலும் மன்னார் வளைகுடாவிலும் வாழ்கின்றன.

பாறையை வெட்டிய காலம்

இந்தத் தரைக்கு முதல் பெரிய அடி தூத்துக்குடிப் பக்கத்தில் விழுந்தது. பவளப்பாறை ஏறக்குறைய முழுவதும் சுண்ணாம்பு. ஆகவே பல பத்தாண்டுகளாக அதைக் கடப்பாரையால் பெயர்த்துப் படகில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். அது வீடு கட்டவும், சுண்ணாம்புக் காளவாய்க்கும், கால்சியம் கார்பைடு ஆலைகளுக்கும் போனது. வெட்டியவர்கள் பெரும்பாலும் வேறு வழியில்லாத ஏழை மீனவர்கள். வாங்கியவர்களுக்கு அது மலிவான மூலப்பொருள்.

அலைத்தடுப்பை எடுத்தபிறகு மணல் நிற்கவில்லை. தூத்துக்குடிக் குழுவைச் சேர்ந்த விலங்குச்சல்லியும், கீழக்கரைக் குழுவைச் சேர்ந்த பூவரசன்பட்டியும் நீருக்குள் மூழ்கிப்போயின. தேசியப் பூங்காவின் பெயர்ப்பட்டியலில் 21 தீவுகள் உண்டு. கடலில் இறங்கி எண்ணினால் அவ்வளவு கிடைக்காது. தூத்துக்குடிக்கு எதிரிலுள்ள வான்தீவும் ஆண்டுக்காண்டு கரைந்து, 2015 வாக்கில் இரண்டு ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கியது. காரைச்சல்லியும் அதே பாதையில் போய்க்கொண்டிருக்கிறது.

2001-இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. யானைக்கும் புலிக்கும் உள்ள அதே பாதுகாப்பு, ஏட்டளவில், பவளத்துக்கும் கிடைத்தது. ஆனால் வெட்டு உடனே நிற்கவில்லை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு, தீவுகளும் பாறைகளும் தங்கள் ஊருக்கு என்ன செய்கின்றன என்பதைக் கரையோர மக்கள் தாங்களே பேசத் தொடங்கினார்கள். 2005 வாக்கில்தான் பவளம் வெட்டுவது பெருமளவு நின்றது. சட்டம் வந்தது ஓர் ஆண்டில், அது நடைமுறையானது வேறோர் ஆண்டில். இடையில் நடந்தது மக்களின் மனமாற்றம். கடல் பாதுகாப்பின் வரலாற்றில் இந்த இடைவெளிதான் கவனித்துப் படிக்க வேண்டிய பகுதி.

இழுவைமடியின் தடம்

இரண்டாவது அடி இன்றும் விழுந்துகொண்டிருக்கிறது. இழுவைமடி என்பது பை வடிவ வலை. அதன் வாயை விரித்துப் பிடிக்க இருபுறமும் கனத்த பலகைகள். அடிக்கயிற்றில் இரும்புச் சங்கிலியும் ஈயக் குண்டுகளும். விசைப்படகு அதை மணிக்கணக்கில் தரையோடு இழுத்துப் போகும். இறால் சேற்றில் பதுங்கும் உயிரினம் என்பதால், அதை எழுப்பிப் பிடிக்கத் தரையைச் சுரண்டித்தான் ஆக வேண்டும். மடி கடந்துபோன வழியில் புல் வேரோடு பிடுங்கப்படுகிறது. பலகைகள் சேற்றில் பள்ளம் உழுகின்றன. கிளறிவிட்ட வண்டல் நீரைக் கலக்கி, பக்கத்திலுள்ள புல்லுக்குப் போகும் வெளிச்சத்தையும் மறைக்கிறது.

மடியை மேலே தூக்கித் தளத்தில் கொட்டும்போதுதான் அதன் கணக்கு வெளியே வரும். இறால் ஒரு சிறு குவியல். மிச்சமெல்லாம் விரலளவு மீன்குஞ்சு, முதிராத நண்டு, சிப்பி, நட்சத்திர மீன், சின்னக் கணவாய். இராமேசுவரம் பக்கத்தில் இந்தக் கழிவுக்குச் சங்காயம் என்று பெயர். அது கிலோவுக்குச் சொற்ப விலையில் கோழித் தீவனத்துக்கும் மீன்தூள் ஆலைக்கும் போகிறது. அடுத்த ஆண்டு பெரிய மீனாகி நல்ல விலைக்குப் போக வேண்டியது, இந்த ஆண்டு தீவனமாகிவிடுகிறது. இழப்பு முதலில் கடலுக்கு. அதற்கடுத்து அதே மீனவருக்கு.

இதைத் தடுக்கச் சட்டம் இல்லாமல் இல்லை. 1983-ஆம் ஆண்டு தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், கரையிலிருந்து 3 கடல் மைல் வரையிலான நீரை நாட்டுப்படகுகளுக்கு ஒதுக்கியது. இராமநாதபுரம் கரையில் வாரத்தில் 3 நாள் விசைப்படகு, 4 நாள் நாட்டுப்படகு என்று மீனவர்களுக்குள்ளேயே ஓர் ஏற்பாடு நெடுங்காலமாக உண்டு. இரண்டு படகுகள் சேர்ந்து இழுக்கும் இரட்டைமடி தடை செய்யப்பட்டது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலமும் நடைமுறையில் இருக்கிறது. குறை இருப்பது சட்டத்தின் எண்ணிக்கையில் அல்ல, அதைக் கடலில் காக்கும் உறுதியில். கரையோரத்தில் இழுவைமடி போகும்போது பிடித்து நிறுத்தப் போதிய ரோந்துப் படகும் அரசியல் துணிவும் வேண்டும்.

தரை மலடாகிப் போனதால் மடிக்கு வேறு தரை தேவைப்படுகிறது. படகுகள் பாக் விரிகுடாவின் மறுகரைக்குப் போகின்றன. அங்கே யாழ்ப்பாணம், மன்னார், கிளிநொச்சி மாவட்டங்களின் மீனவர்கள், போர்க்காலம் முழுவதும் கடல் மறுக்கப்பட்டு, 2009-க்குப் பிறகு சிறு படகோடும் சிறு வலையோடும் மீண்டும் தொழிலுக்கு வந்தவர்கள். இரவில் வரும் இழுவைமடி அவர்கள் விரித்த வலையை அறுத்துக்கொண்டு போகிறது. ஒரே மொழி பேசும் இரண்டு கரை மீனவர்களை எதிரெதிரே நிறுத்தியிருக்கிறது இந்த மடி. இலங்கை நாடாளுமன்றம் 2017-இல் இழுவைமடித் தொழிலைச் சட்டத்தால் தடை செய்தது. 2016 நவம்பரில் புதுதில்லியில் நடந்த பேச்சில், இத்தொழிலைக் கூடிய விரைவில் முடிவுக்குக் கொண்டுவருவது என்று இரு நாடுகளும் ஒப்புக்கொண்டன. கைது, படகுப் பறிமுதல், துப்பாக்கிச் சூடு ஆகியவற்றைக் கண்டிப்பது நம் கடமை. அதே மூச்சில், பிரச்சினையின் வேர் எல்லைக்கோட்டில் மட்டும் இல்லை, வழித்தெடுக்கப்பட்ட நம் கடல் தரையிலும் இருக்கிறது என்று சொல்லும் நேர்மையும் நமக்கு வேண்டும்.

மாற்று வழி காட்டப்படவும் செய்தது. 2017-இல் அறிவிக்கப்பட்ட திட்டப்படி, பாக் விரிகுடாவின் 2,000 இழுவைப்படகுகளை நீக்கி, ஆழ்கடலில் தூண்டிலாலும் செவுள்வலையாலும் சூரை பிடிக்கும் படகுகளைத் தருவதாக இருந்தது. ஒரு படகின் மதிப்பு 80 லட்சம் ரூபாய். அதில் 70 விழுக்காடு மத்திய, மாநில அரசுகளின் மானியம். ஆனால் எஞ்சிய கடனும், வாரக்கணக்கில் கடலில் தங்கும் பழக்கமில்லாத தொழிலும், ஆழ்கடல் மீனுக்கான சந்தையின் நிச்சயமின்மையும் குறுக்கே நின்றன. இலக்கில் சிறு பகுதிதான் நிறைவேறியது. தாத்தா காலத்திலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பும் தொழில் செய்தவரை ஆழ்கடலுக்கு அனுப்ப மானியம் மட்டும் போதாது. பயிற்சி, காப்பீடு, குளிர்பதனம், நியாய விலை எல்லாம் சேர்ந்து வர வேண்டும்.

இழுவைமடியால் சாவது மீன்குஞ்சு மட்டுமல்ல. 2025 ஜனவரியில் சென்னையிலும் அதன் தெற்கே உள்ள கரையிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. ஆமைக்கு நுரையீரல்தான்; மூச்சு வாங்க மேலே வந்தாக வேண்டும். மடிக்குள் சிக்கி மேலே வர முடியாதபோது அது நீருக்குள்ளேயே மூச்சடைத்து இறக்கிறது. ஆமை தப்பிப் போக வழிவிடும் கம்பிச் சட்டகம் ஒன்றை மடியில் பொருத்தலாம். பல நாடுகளில் அது வழக்கத்தில் இருக்கிறது. இங்கே அது கட்டாயம் என்று எழுதியிருந்தும், கடலில் பொருத்தப்படுவது அரிது.

சூடேறும் நீர்

மூன்றாவது அடிக்குக் காரணமானவர்கள் இந்தக் கரையில் மட்டும் இல்லை. பவளத்தின் உடலுக்குள் ஒரு நுண்பாசி குடியிருக்கிறது. வெயிலில் உணவு தயாரித்துப் பவளத்துக்குத் தருவதும், அதற்கு நிறம் கொடுப்பதும் அதுதான். கோடையில் நீரின் வெப்பம் வழக்கமான உச்சத்தைத் தாண்டிச் சில வாரம் நீடித்தால், பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிடும். அப்போது வெள்ளைச் சுண்ணாம்புக் கூடு மட்டும் தெரியும். இதுவே வெளிறல். நீர் விரைவில் குளிர்ந்தால் பாசி திரும்பிவரும். குளிரவில்லை என்றால் பவளம் பட்டினியில் சாகும்.

மன்னார் வளைகுடா 1998, 2010, 2016 ஆண்டுகளில் பெரும் வெளிறலைச் சந்தித்தது. தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவியலாளர்கள் நீரில் மூழ்கி எடுத்த கணக்குப்படி, 2016 கோடைக்கு முன் ஏறத்தாழ 39 விழுக்காடாக இருந்த உயிருள்ள பவளப் பரப்பு, அதற்குப் பின் சுமார் 23 விழுக்காடாகக் குறைந்தது. வெட்டு நின்றபிறகு பத்தாண்டுகளாகத் தேறிவந்த பாறை, ஒரே கோடையில் தேறியதற்கு மேல் இழந்துவிட்டது. 2024 ஏப்ரலில், உலகளாவிய நான்காவது வெளிறல் நிகழ்ந்துகொண்டிருப்பதாக அமெரிக்கக் கடல்சார் வளிமண்டல நிர்வாகம் அறிவித்தது.

இதைக் கண்டு, உள்ளூரில் எதைச் செய்து என்ன பயன் என்று சோர்ந்துவிட இடமில்லை. வண்டலும் கழிவும் மடியும் இல்லாத பாறை, வெளிறலிலிருந்து விரைவாக மீள்கிறது. ஏற்கெனவே நைந்த பாறை மீளாமல் போகிறது. உலகம் தன் புகையைக் குறைக்கும்வரை, பவளத்துக்குத் தாக்குப்பிடிக்கும் வலுவைக் கொடுப்பது உள்ளூர்ப் பாதுகாப்புதான்.

கைகொடுப்பவர்கள்

பாம்பன் தீவின் சின்னப்பாலம் போன்ற ஊர்களில் பெண்கள் பாசி எடுக்கக் கடலில் மூழ்குகிறார்கள். சேலைக்கு மேல் பனியன் போட்டு, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டி, பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, இடுப்பில் பையைக் கட்டியபடி மூச்சடக்கி இறங்குவார்கள். மரிக்கொழுந்துப் பாசி முதலியவற்றைப் பறித்துக் காயவைத்து விற்றால் அது அகர் தயாரிக்கப் போகும். தேசியப் பூங்கா அறிவிப்புக்குப் பிறகு இவர்களில் பலர் தீவுக்கருகே போனதற்காகத் தடுக்கப்பட்டார்கள், அபராதம் கட்டினார்கள். பாட்டி காலத்துத் தொழில் ஒரே நாளில் குற்றமாயிற்று.

அவர்கள் எதிர்ப்போடு நிற்கவில்லை. ஒன்றுகூடித் தங்களுக்குத் தாங்களே விதி வகுத்தார்கள்: மாதத்தில் 12 நாள் மட்டுமே பாசி எடுப்பது, பாறையைச் சுரண்டும் இரும்புக் கருவிகளை விட்டுவிட்டுக் கையால் பறிப்பது, பாசி பெருகும் மாதங்களில் கடலுக்குப் போகாதிருப்பது. இந்த முயற்சியில் முன்னின்ற சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015-ஆம் ஆண்டின் சீகாலஜி விருது கிடைத்தது. பள்ளிப்படிப்பு அதிகம் இல்லாத, கடலை உடலால் அறிந்த பெண்கள் வகுத்த இந்த விதி, காகிதத்தில் கிடக்கும் பல விதிகளைவிட ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்படுகிறது. தாங்களே எழுதியது என்பதுதான் அதற்குக் காரணம்.

தஞ்சாவூர், புதுக்கோட்டை கரைக்கப்பால் 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பை 2022 செப்டம்பரில் தமிழக அரசு கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் இவ்வகையில் இதுவே முதல். வலையில் சிக்கிய ஆவுளியாவை வலையை அறுத்து உயிரோடு விடும் மீனவர்களுக்கு வனத்துறை பரிசளித்துப் பாராட்டுகிறது. ஒரு காலத்தில் இறைச்சிக்காக வேட்டையாடப்பட்ட விலங்கை, தன் வலை நட்டத்தையும் பொறுத்துக்கொண்டு விடுவிக்கும் மீனவர், அறிவிப்புப் பலகைகளைவிடப் பெரிய காவல்.

அதே விரிகுடாவில் ஓம்கார் அறக்கட்டளை போன்ற அமைப்புகள் மீனவர்களோடு சேர்ந்து புல் நடுகின்றன. மூங்கிலால் ஒரு சதுரச் சட்டம் கட்டி, குறுக்கே தென்னங்கயிற்றைப் பின்னி, அதன் முறுக்கு இடைவெளிகளில் வேரோடு எடுத்த கடற்புல் கன்றுகளைச் செருகிக் கடலடியில் இறக்குவார்கள். புல் வேர் பிடிப்பதற்குள் கயிறும் மூங்கிலும் மக்கி மண்ணோடு சேர்ந்துவிடும். தூத்துக்குடியில் 2002 முதல் உடைந்த பவளத் துண்டுகளைச் சிமெண்டுப் பலகைகளில் கட்டி வளர்த்து வருகிறார்கள். வான்தீவைச் சுற்றிச் சென்னை ஐஐடியின் வடிவமைப்பில், துளைகள் கொண்ட கான்கிரீட் செயற்கைப் பாறைகள் ஆயிரக்கணக்கில் இறக்கப்பட்டபின் அலையின் வேகம் குறைந்து, தீவில் மணல் மீண்டும் சேர்ந்தது. ஆனால் ஒரு செயற்கைப் பாறையை வார்த்து, படகில் ஏற்றி, இறக்கும் செலவைப் பார்க்கும்போது ஒன்று புரியும்: இயற்கை இலவசமாகக் கொடுத்திருந்த அலைத்தடுப்பைச் சில ரூபாய்க்கு விற்றுவிட்டு, இப்போது கோடிகளில் திரும்ப வாங்குகிறோம்.

இதிலும் எச்சரிக்கை தேவை. வருமானத்துக்காக இங்கே கொண்டுவரப்பட்ட கப்பாபைகஸ் என்ற அயல் பாசி, வளர்ப்பு மிதவைகளைத் தாண்டிக் குருசடைத் தீவின் பவளங்கள்மேல் படர்ந்து அவற்றை மூடியதை ஆய்வாளர்கள் 2008-இலேயே பதிவு செய்தார்கள். நல்ல நோக்கம் மட்டும் கடலுக்குப் போதாது. எந்தத் திட்டத்துக்கும் முன்பாக அந்த இடத்துத் தரையை அறிந்தவரிடம் கேட்டாக வேண்டும்.

கரையில் இருப்பவர் செய்யக்கூடியவை

கடலில் இறங்காதவர்களும் இந்தத் தரைமீது ஒவ்வொரு நாளும் ஏதோ ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறோம். முதலாவது, சந்தையில். மீன் வாங்கும்போது அது தூண்டிலில் வந்ததா, வலையில் வந்ததா, மடியில் வந்ததா என்று கேட்கலாம். கேட்பவர் பெருகினால் விற்பவரும் பதில் வைத்திருப்பார். விரலளவுக் குஞ்சு மீனையும் சினை நண்டையும் மறுக்கலாம். வஞ்சிரத்தையும் இறாலையும் மட்டுமே கேட்காமல், அந்தந்தப் பருவத்தில் நாட்டுப்படகில் நிறைய வரும் சாளை, நெத்திலி, காரல், ஓரா ஆகியவற்றைச் சமைக்கலாம். விலையும் குறைவு, தரைக்கும் சேதம் இல்லை.

இரண்டாவது, சுற்றுலாவிலும் வழிபாட்டிலும். பவளத் துண்டு, கடல்குதிரை, கடல் அட்டை ஆகியவை சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை; வாங்குவதும் குற்றம். அக்னி தீர்த்தத்தில் நீராடிவிட்டுத் துணியைக் கடலிலேயே விட்டு வருவது புண்ணியமாகாது. அந்தத் துணி புல்லின்மேல் படிந்து வெளிச்சத்தை மறைக்கும், வலையில் சிக்கி மீனவரின் பிழைப்பைக் கெடுக்கும். தனுஷ்கோடி மணலில் போடும் பிளாஸ்டிக்கும் அங்கேயே கிடக்காது, அடுத்த காற்றில் கடலுக்குப் போய்விடும்.

மூன்றாவது, உள்ளூரில். மதுரையில் வைகையில் கலக்கும் சாக்கடைக்கும் பாக் விரிகுடாவுக்கும் உறவு உண்டு. நகராட்சிக் கழிவுநீரைச் சுத்திகரிக்கச் சொல்வது, ஆற்றுமணல் கொள்ளையை எதிர்ப்பது, கரையோர மணல்மேடுகளையும் அலையாத்திக் காடுகளையும் கட்டடத்துக்குக் கொடுக்க மறுப்பது எல்லாமே கடல் பாதுகாப்புதான். நேரம் தர முடிந்தவர்களுக்கும் வழி உண்டு. சென்னையில் 1988 முதல் மாணவர்கள் தொடர்ந்து நடத்திவரும் ஆமை நடையில் சேர்ந்து, இரவில் முட்டைகளைக் காத்துக் குஞ்சுகளைக் கடலில் விடலாம்.

நான்காவது, எல்லாவற்றிலும் முக்கியமானது, அரசிடம் கேட்பது. தனிமனிதர் மீன் தேர்ந்தெடுப்பதால் மட்டும் இழுவைமடி நின்றுவிடாது. நாட்டுப்படகுகளுக்கு ஒதுக்கிய கரையோர எல்லையைக் கண்காணிக்கும் படகுகள் எத்தனை? ஆமைச் சட்டகம் இல்லாத மடிகளுக்கு விதித்த அபராதம் எவ்வளவு? இழுவைமடியை விடத் தயாரான மீனவரின் கடன் எப்போது தள்ளுபடியாகும்? பாசி எடுக்கும் பெண்களுக்கும் சங்கு குளிப்பவருக்கும் பூங்கா நிர்வாகத்தில் இடம் உண்டா? இவை கரையோரத் தொகுதி வேட்பாளரிடம் மட்டும் கேட்க வேண்டிய கேள்விகள் அல்ல. வடகிழக்கு மழையில் விளைந்த சோற்றை உண்ணும் எல்லாத் தொகுதி மக்களுக்கும் அவற்றைக் கேட்க உரிமை உண்டு.

2022 டிசம்பரில் மாண்ட்ரியலில் கூடிய நாடுகள், 2030-க்குள் உலகின் நிலத்திலும் கடலிலும் 30 விழுக்காட்டைக் காப்பதென உறுதி எடுத்தன. இந்தியாவும் அதில் ஒன்று. மன்னார் வளைகுடாவின் அனுபவம் அந்த உறுதிக்கு ஒரு நிபந்தனையைச் சேர்க்கிறது. வரைபடத்தில் கோடு போட்டால் கடல் காக்கப்பட்டதாகாது. கோட்டுக்குள் இருக்கும் தரை உயிரோடு இருக்க வேண்டும், அதை நம்பும் குடும்பம் பசியில்லாமல் இருக்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்றை விட்டுவிட்ட திட்டம் எங்கும் வென்றதில்லை. இழுவைமடியைத் தரைமீதிருந்து எடுங்கள். எடுக்கும் மீனவருக்குத் துணை நில்லுங்கள். பாக் விரிகுடாவின் இரு கரைகளும் இதை ஒன்றாகச் செய்தால், நம் வாழ்நாளிலேயே அங்கே புல் மீண்டும் தழைக்கும்.